பதினோராவது கேள்வி

எனக்கு வேல்விழி என்று பெயர் வைத்தது அப்பா. ஏழாம் வகுப்பிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பெயருக்கு நான் நல்ல மரியாதை செய்துவிட்டேன். கண் ஆஸ்பத்திரியில் சர்வே வேலைக்கு ஆள் எடுத்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் என் பெயரைப் படித்துவிட்டு என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த பாவத்துக்கு வேலையையும் கொடுத்துவிட்டார்கள். அது 2007, ஆவணி மாதம். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம்.

வேலை இதுதான். ஒருவருக்குக் கண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, சுவரில் மாட்டுகிற சார்ட் போதும். ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் அன்றாடம் என்ன பாடு படுகிறார் என்று அளக்க சார்ட் கிடையாது. அதற்குத்தான் நானும், இருபது கேள்வி அச்சடித்த ஒரு பாரமும். சிரமமே இல்லை என்றால் சைபர். செய்யவே முடியவில்லை என்றால் நாலு. இடையில் ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் தலைகீழ், சைபர் வாங்கினவர்தான் கெட்டிக்காரர்.

அந்தப் பாரத்தின் தமிழைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோராவது கேள்வி இப்படி இருந்தது: "எதிரே வரும் நபரின் முகத்தை அடையாளம் காண்பதில் தங்களுக்கு ஏதேனும் சிரமம் உள்ளதா?" எனக்கு ஒதுக்கியிருந்த சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்தில் போய் இப்படிக் கேட்டால், கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கேள்வியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே, இருபது கேள்வியையும் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அன்றைக்குத்தான் இருளம்மாள் வீட்டுக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வயது. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதிர்ல வர்றவக முகம் தெரியுமாம்மா?"

"தெரியாம? எல்லாம் நம்ம ஊர்க்காரவகதான தாயி. பொறந்ததுல இருந்து பாக்கேன்."

சைபர்.

"பஸ்ஸு போர்டு தெரியுமா?"

"நான் எங்க பஸ்ஸுல போறேன்? கம்பெனி வேன் இருக்கு. முத்துப்பாண்டிதான் டிரைவரு. ஆரன் அடிப்பான், ஏறிக்கிருவேன்."

சைபர்.

"ஊசியில நூல் கோப்பீகளா?"

"கோப்பேன்."

"சமைக்கிறதுல?"

"நான் ஒலை வைக்கலைன்னா எம்மக பட்டினியில்ல கெடப்பா?"

கால் மணி நேரத்தில் இருபதும் முடிந்தது. மொத்தம் சைபர். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளர் விளிம்புக்குள் ஒரு விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். சுத்தம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. சர்வே எடுத்த ஆட்களை எல்லாம் வரச்சொல்லிக் கண்ணைச் சோதித்தார்கள். புதன்கிழமை காலை, விருதுநகரை ஒட்டிய சூலக்கரை ஆபீசில் லட்சுமிகாந்தம் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மேற்பார்வையாளர். சத்தம் போடாமல் திட்டுவதில் மனிதர் கைதேர்ந்தவர்.

"ஏம்மா வேல்விழி, இந்தப் பாரத்தை அந்தம்மாவப் பாத்துத்தான் நிரப்புனியா, இல்ல வேப்பமரத்தடியில உக்காந்து நிரப்புனியா?"

"நேர்ல பாத்தேன் சார். காப்பிகூடக் குடிச்சேன்."

முகாம் சீட்டை என் பக்கம் தள்ளினார். மூன்றடி தள்ளி நின்று விரலைக் காட்டினால் இருளம்மாளால் எண்ண முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஏற்கெனவே கெட்டுப்போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இடது கண்ணில் புரை முற்றிக் கிடக்கிறது. இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி அதுவும் போய்விடும் என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆபரேசனுக்கு பஸ்ஸு போகுது. அடுத்த பஸ்ஸு பொங்கலுக்கு அப்புறந்தான். கைநாட்டு வையுங்கன்னதுக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'எனக்கு ஒரு சிரமமும் இல்லைன்னு உங்க பாரத்துலயே எழுதியாச்சே'ன்னுட்டு வீட்டுக்குப் போயிருச்சு. உன் பாரத்தையே சாட்சிக்குக் கூப்பிடுது. கண்ணு தெரியல, ஆனா ஒரு சிரமமும் இல்ல. இதை நான் கம்ப்யூட்டர்ல எப்படி ஏத்த?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கல் பொறுக்கினாளே? பார்வை இல்லாதவள் எப்படிப் பொறுக்குவாள்? ஒருவேளை நான் வேறு இருளம்மாளைப் பார்த்துவிட்டேனா? நாரணாபுரத்தில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு இருளம்மாள் மேல்தான் விழும். கதவு எண்ணைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் முகாமில் தெரியாத மாதிரி நடித்தாளா? நடித்து அவளுக்கு என்ன லாபம்? ஆபரேசனுக்கும்தான் வரமாட்டேன் என்கிறாளே. இல்லை, என்னிடம்தான் பொய் சொன்னாளா? அதில் மட்டும் என்ன லாபம்? எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

"இன்னொரு தடவ போயிட்டு வா. சார்ட்டு தப்பா, பாரம் தப்பான்னு எனக்குத் தெரியணும். அதுக்குள்ள ஒரு கண்ணு போயிரக்கூடாது, அம்புட்டுத்தான்."

அன்று சாயங்காலம் வேன் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தேன். வேனிலிருந்து இறங்கியபோது இருளம்மாள் முதலில் ஒரு காலைத் தொங்கவிட்டுத் தரையைத் துழாவினாள். பிறகுதான் மறு காலை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. அவளைக் கூட்டிப்போக ஒரு பெண் வந்திருந்தாள். சுடிதார், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கண் மட்டும் தெரிகிற மாதிரி கட்டியிருந்தாள். அந்தப் பக்கத்தில் வெயிலுக்கும் தூசிக்கும் பாதிப் பெண்கள் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

"நீங்கதான அந்த சர்வே அக்கா? நான் இவுக மக பொன்மணி. சிவகாசியில காலண்டர் தலையில தகரம் அடிக்கிற வேலை. எங்கம்மாட்ட என்னன்னு கேட்டீக?"

சொன்னேன். முகம் தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார்கள்.

"முகம் தெரியுமான்னு கேட்டா, தெரியும்னுதான் சொல்லுவாக. அம்பது வருசமா இந்த ஊர்ல இருக்காக, ஆளைத் தெரியாதா? பாத்தா தெரியுதான்னுல்ல கேக்கணும்!"

நடுரோட்டில் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆளை அறிந்திருந்தாலும் 'தெரியும்'தான், கண்ணில் பட்டாலும் 'தெரியும்'தான். இலக்கணம் படித்து எம்.ஏ. வாங்கினவளுக்கு இதைக் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற பெண் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பக்கம் நிம்மதி. தப்பு என்னுடையதுதான், திருத்திவிட்டால் தீர்ந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போய் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒழுங்காக, சிரமம் உண்டா என்று கேட்டேன். இருளம்மாள் சிரமம் என்ற சொல்லையே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

"சிரமமா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி."

"ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க பாப்போம்."

ஊசியின் காதை உதட்டில் வைத்தாள். நூல் நுனியை நாக்கால் நனைத்துத் தள்ளினாள். இரண்டாவது தடவையில் கோர்த்துவிட்டாள். கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தா கோத்த?" என்றாள் பொன்மணி.

"கோத்தாச்சா இல்லையா?"

பொன்மணி விடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயை சைகை காட்டிக் கூப்பிட்டு, வாயைத் திறக்காதே என்று ஜாடை செய்து வாசலில் நிறுத்தினாள்.

"வெள்ளைத்தாயி, என்னடி வாசல்லயே நிக்கே? உள்ள வா" என்றாள் இருளம்மாள்.

வெள்ளைத்தாய் சிரித்துவிட்டாள். அவள் மெட்டி சிமெண்டுத் தரையில் தட்டுவது எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. நான் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? முகத்தை அடையாளம் கண்டுவிட்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. சிரமமும் படவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

"நடிக்காக!" என்று பொன்மணி கத்தினாள். அதற்குள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். வெள்ளைத்தாய் ஓடினாள். பொன்மணியும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டியபடி ஓடினாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியல. அது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்கும் நல்லாத் தெரியும். மிச்சம் இருக்கிற ஒரு கண்ணையும் வேணும்னே தொலைக்கப் பாக்கீக. ஏன்?"

இருளம்மாள் வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். "பொன்மணி போயிட்டாளா?"

"போயிட்டா."

"நீ வந்ததுல இருந்து மூஞ்சியை மூடித்தான இருந்தா?"

"ஆமா. தூசிக்கு..."

"வீட்டுக்குள்ள என்ன தாயி தூசி?"

பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கம்பெனியில தீப்பிடிச்சப்ப இவ உள்ள இருந்தா. மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தா. எனக்கு அப்பவே கண்ணு மங்கிக்கிட்டு வந்துச்சு. 'லேசான காயந்தாம்மா, ஆறிருச்சு, தழும்புகூட இல்ல'ன்னா. சரித்தான்னு நம்புனாப்புல இருந்துக்கிட்டேன். அவ தூங்குறப்ப தொட்டுப் பாக்க மாட்டேனா? இடது பக்கம் கன்னமே இல்ல. காது கரைஞ்சு போச்சு. ஒதடு ஒரு பக்கமா இளுத்துக்கிட்டுக் கெடக்கு. கைக்குத் தெரியாதா தாயி?"

குரல் உடையவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரியே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஊருக்குள்ள மூடித்தான் போறா. வேலை பாக்குற எடத்துல மூடித்தான் இருக்கா. கோயிலுக்குப் போறதே இல்ல. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துனதும் அவுத்து எறிவா பாரு, அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சோறு திம்பா. அன்னைக்கு நடந்த கதை பூராத்தையும் சொல்லிச் சிரிப்பா. அவ வெறும் மூஞ்சியா உக்காருற எடம் இந்த உலகத்துல இது ஒண்ணுதான். எனக்குக் கண்ணு வந்துட்டா அதுவும் போயிரும்ல? அப்புறம் வீட்டுக்குள்ளயும் கட்டிக்கிட்டுல்ல இருப்பா?"

"அவளே ஆபரேசன் பண்ணச் சொல்றாளேம்மா."

"சொல்லுவா. பெத்தவளுக்குக் கண்ணு போகட்டும்னு எந்த மக சொல்லுவா? நீ சிரமம் சிரமம்னு கேக்கியே, கண்ணு தெரியாததுல எனக்கு என்ன சிரமம்? தெரிஞ்சாத்தான் சிரமம்." பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள். "அவகிட்டச் சொல்லிராத."

தலையாட்டினேன். அது அவளுக்குத் தெரியாதே என்று உறைத்ததும், "சரிம்மா" என்றேன்.

அந்த "சரி" குழாயடி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்த பொன்மணி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "கைநாட்டு வச்சாகளா?"

"இல்ல."

"ஒரு வயசானவகிட்ட ஒழுங்கா ஒரு கேள்வி கேக்கத் தெரியல. உங்களுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கான்? அந்தக் கண்ணு போச்சுன்னா நீங்களா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவீக?"

என் வாய் என் சொல்லைக் கேட்காது. அன்றைக்கும் கேட்கவில்லை. "என் கேள்வியில தப்பு இல்ல. உன் துப்பட்டாவுலதான் தப்பு" என்று ஆரம்பித்து, இருளம்மாள் சொன்னது அத்தனையும் கொட்டிவிட்டேன். தூங்கும்போது தொட்டுப் பார்த்ததைக்கூட விடவில்லை. துப்பட்டாவுக்கு மேலே இருந்த இரண்டு கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. குழாயில் அவள் குடம் நிறைந்து வழிந்தது. "ஏ பொன்மணி, கொடத்தை எடு!" என்று பின்னால் சத்தம் போட்டார்கள். போய் எடுத்தாள். குடத்தோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

விருதுநகர் வரைக்கும் பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். சொன்னது சரியா, தப்பா? சொல்லாவிட்டால் கண் போகும். சொன்னதால் என்ன போயிருக்கிறதோ? இரண்டு பேரும் நல்லதைத்தான் நினைக்கிறார்கள். இரண்டு நல்லதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் நான், ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைபர் போட்டால் பொய். நாலு போட்டாலும் பொய். கடைசியில், பதினோராவது கேள்விக்கு எதிரே எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் நடந்ததை எழுதினேன்.

லட்சுமிகாந்தம் சார் வாங்கிப் பார்த்தார். "ஓரத்துல எழுதுனதையெல்லாம் கம்ப்யூட்டர் வாசிக்காதும்மா" என்றார். ஆனால் அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பேரை லிஸ்ட்ல வச்சிரு. வந்தா வரட்டும்" என்றார். வரமாட்டாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்து முன்னால் ஆஸ்பத்திரி பஸ் நின்றது. தீபாவளி சீசன். அதே ரோட்டில் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஊரே தூக்குவாளியும் கையுமாக வெளியில் நின்றது. நான் லிஸ்ட்டை வாசித்து ஒவ்வொருவராக ஏற்றினேன். முப்பத்தொன்பது பேர் ஏறியாயிற்று. நாற்பதாவது பெயரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் ரோட்டில் சத்தம் குறைந்தது. அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் தூரத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள். முத்துப்பாண்டியின் வேன் ஆரனும் நின்றது.

பொன்மணி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் துணி இல்லை. கழுத்திலும் இல்லை. அவளுடைய முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். இருளம்மாள் விரல் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. வெயில் நேராக இடது பக்கத்துக் கன்னத்தில் அடித்தது. அவளுடைய வலது கை அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, இழுத்துக்கொண்டுதான் வந்தாள். நான்தான் செய்தேன் இதை என்று நினைத்தேன்.

"எங்கடி கூட்டிட்டுப் போற? வேன் அந்தப் பக்கமில்ல நிக்கும்" என்று இருளம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ் பக்கத்தில் வந்ததும் டீசல் வாடையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒரு சிரமமும் இல்லைன்னு..."

"இரும்மா" என்றாள் பொன்மணி. அம்மாவின் கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்தாள். இத்தனை பேர் நடுவில்.

இருளம்மாளின் விரல்கள் துணியைத் தேடின. காதுப் பக்கம் போயின, கழுத்துக்கு இறங்கின, திரும்பவும் கன்னத்துக்கு வந்தன. "துப்பட்டா எங்கடி?"

"வீட்டுல கெடக்கு. நாரணாபுரம் பூராவும் பாத்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

இருளம்மாள் ரோட்டுப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"எல்லாரும் பாக்காகளா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பாக்காகம்மா."

"அளுகிறியா?"

"இல்ல."

கை கன்னத்திலேயே இருந்ததால் அது பொய்யா நிஜமா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்றாள். "நானும் பாத்துட்டு வாரேன்."

பஸ் படியைக் காலால் தேடி, ஏறினாள்.